பழப்புளி போட்டு விளக்கிய பாரிஸ் மணிக்கூடு

போன மாதம் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது பட்டறையிலிருந்து தொலைபேசி வந்தது. நான் ஓய்வுபெற்ற பிறகு என் மேசையில் வேலை செய்யும் மாரித் என்ற நோர்வேப் பெண்தான் அழைத்தாள். கெட்டிக்காரி. ஆனால் கதைக்கத் தொடங்கினால் மூச்சு விடமாட்டாள்.

"ஜெசிந்தா, சரிபார்க்கச் சொல்லி ஒரு பிரெஞ்சு மணிக்கூடு வந்திருக்கிறது. ஆமையோட்டில் பித்தளை பதித்த வகை. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதவின் அடியில் ஒரே ஒரு பித்தளை இலை மட்டும் இளஞ்சிவப்பாக இருக்கிறது. யாரோ ஒரு மடையன் புளிப்பான எதையோ போட்டுத் தேய்த்திருக்கிறான். நம்முடைய புது லேசர் இயந்திரத்தில் அதே இலையைப் புதிதாக வெட்டி மாற்றிவிடட்டுமா?"

"தொடாதே!"

நான் போட்ட சத்தத்தில் என் மனிதர் அந்தோனி, கையை வெட்டிக்கொண்டேன் என்று நினைத்துத் துணியோடு ஓடி வந்தார்.

மாரித் பயந்துவிட்டாள். லேசர் பிடிக்கவில்லையா என்று கேட்டாள். எனக்கு லேசரோடு என்ன பகை? அது தும்மாது, கை வியர்க்காது, வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டு நினைவு வராது. என் காலத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் அதற்கு மாலை போட்டிருப்பேன். விஷயம் அந்த இலை. அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியதில் என் குழம்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம். முழுக்க எழுதித் தரும்படி கேட்டாள். அவளுக்கு நோர்வே மொழியில் சுருக்கமாக எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஆட்களுக்கு இப்படி எழுதினால்தான் எனக்கு ஆறும்.

மன்னாரில் பிறந்து, நோர்வேயின் வடகோடியில் ஹம்மர்பெஸ்ட் தொழிற்சாலையில் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து மோர்டென்ஸ்ருடில் குடியேறியவள் நான். ஹம்மர்பெஸ்டை விட்டு வெளிக்கிட்ட அன்று, இனி என் கையில் மீன் நாற்றம் இருக்காது என்று மாதாவுக்கு முன்னால் சொல்லிவிட்டு வந்தேன். ஒஸ்லோவில் வேலை தேடித் தரும் அலுவலகத்தில் இருந்த ஒரு நோர்வே அம்மா, "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். கத்தி பிடிக்கத் தெரியும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, தோயன் பக்கத்தில் பழைய தளபாடம் திருத்தும் ஒரு பட்டறைக்கு என்னை அனுப்பினார். கூட்டித் துடைத்துக்கொண்டு அப்படியே மொழியும் படிக்கலாம் என்றார்.

மொழி படிக்க நல்ல இடம்தான்! அந்தப் பட்டறையின் முதலாளி ஆர்னே ஒரு நாளைக்கு வாயிலிருந்து விடுகிற சொற்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் பாதி "பார்ப்போம்". மற்றப் பாதி "ம்". முதல் நாள் நான் உள்ளே போனபோது அவர் ஒரு சின்னச் சட்டியை இளஞ்சூட்டில் வைத்துக் கிண்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். மீன் தோலிலிருந்து எடுத்த பசை! மாதாவே, ஒரு நாடு முழுக்கக் குறுக்கே ஓடி வந்தாலும் இந்த மீன் என்னை விடமாட்டேன் என்கிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு அடங்க முன்னமே ஆர்னே ஓர் உள்ளிப்பல்லை, அதுதான் வெள்ளைப்பூண்டை, எடுத்தார். குறுக்கே வெட்டினார். சரி, மனிதர் சமைக்கத்தான் போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் அந்த உள்ளியை ஒரு பித்தளைத் துண்டின் முதுகில் பரபரவென்று தேய்த்தார். பித்தளை வழுக்கல். உள்ளிச்சாறு பட்டால்தான் பசை அதைக் கவ்விப் பிடிக்கும். பாரிஸில் படித்த வித்தையாம். என் சாப்பாட்டுப் பெட்டியில் உள்ளி மணக்கிறது என்று ஹம்மர்பெஸ்டில் யன்னலைத் திறந்துவிட்டவர்களை நினைத்துக்கொண்டேன். இங்கே உள்ளிக்குத் தனியாக ஒரு கிண்ணமே இருந்தது. அன்றைக்கே இந்த இடத்தை விட்டுப் போகக்கூடாது என்று முடிவு கட்டினேன். ஓய்வுபெறும் வரைக்கும் போகவில்லை.

படித்த கதையை நீட்டப்போவதில்லை. கூட்டினேன், உரஞ்சினேன், தகடு அறுக்கும் வாள் பிடித்தேன், அலகு உடைத்தேன், மறுபடி உடைத்தேன். பிறகு உடையவில்லை. ஆர்னேயை "சேர்" என்று கூப்பிடுவதை நிறுத்தத்தான் கூடக் காலம் எடுத்தது.

இந்த மணிக்கூடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்துப் பிரெஞ்சு அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் செய்யத் தொடங்கிய சாமான். இடுப்பு ஒடுங்கி, கீழே அகன்று, நாலு பக்கமும் பொன்முலாம் பூசிய இலையும் முகமும் சுருளுமாக, உச்சியில் ஒரு சிறகு முளைத்த பிள்ளை உட்கார்ந்திருக்கும். திருவிழாவில் மாதாவைச் சுமந்து வருகிற கூடு கெட்டது போங்கள். உடம்பு முழுக்க ஆமையோடு. அதற்கு அடியில் சிவப்புச் சாயம் பூசியிருப்பதால் உள்ளே நெருப்பு இருப்பது போலத் தெரியும். அதற்குள் கொடியும் பூவுமாகப் பித்தளை ஓடும். ஆமையோடு இப்போது யாரும் வாங்கவும் முடியாது விற்கவும் முடியாது. நல்லது. ஆமை தப்பட்டும்.

அந்தக் கொடியைப் பதிக்கிற முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒட்டி, மயிர் மாதிரியான அலகுள்ள வாளால் இரண்டையும் சேர்த்தே அறுப்பார்கள். பிறகு பிரித்தால், பித்தளையில் வெட்டிய கொடி ஓட்டின் ஓட்டைக்குள் பொருந்தும். ஓட்டில் வெட்டிய கொடி பித்தளையின் ஓட்டைக்குள் பொருந்தும். ஒன்றும் வீண் போகாது. மரமும் ஓடும் பித்தளையும் சேர்ந்து குடும்பம் நடத்துவதில்தான் கரைச்சல்.

ஒவ்வொரு பனிக்காலமும் பெப்ரவரி பிறந்தால் எங்களுக்குத் தொலைபேசி ஓயாது. "ஐயோ, என் மணிக்கூட்டின் பித்தளை எழும்பிவிட்டது!" வெளியே குளிர், உள்ளே இரவும் பகலும் சூடாக்கி. வீட்டுக்குள் காற்று அப்பளம் மாதிரி உலர்ந்துபோகும். நானும் முதலில் பித்தளை வளர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆர்னே ஒரு நாள் அதிசயமாக இரண்டு வசனம் சேர்ந்தாற்போல் சொன்னார்: "பித்தளை வளரவில்லை. மரம்தான் சுருங்கிவிட்டது." இடம் குறைந்தால் பித்தளை எங்கே போகும்? மேலே எழும்பும். மரத்தைத் திட்டியும் பயனில்லை, பித்தளையைத் திட்டியும் பயனில்லை.

ஆர்னே ஒரு மணிக்கூட்டைப் பார்க்கிற விதம் எனக்குக் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. முதலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். அப்படியே சுற்றி வருவார். பிறகு குனிந்து மூக்கை வைப்பார். மெழுகா, புகையா, ஈரமா, எலியா என்று மணந்து பார்த்துத்தான் கையை விடுவார். கையை விட்டாலும் ஒரே ஒரு நகம்தான். பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிற மாதிரிப் பித்தளையை நகத்தால் தட்டிக்கொண்டு போவார். ஒட்டியிருக்கிற இடத்தில் சத்தம் அடங்கி வரும். விட்டுப்போன இடத்தில் பொள்ளென்று கேட்கும். பொள்ளென்று கேட்ட இடத்தில் ஒரு சின்னத் தாள் துண்டை வைப்பார். நான் மூச்சுவிட்டால் தாள் பறக்கும் என்பதால் எட்ட நிற்கப் பழகினேன்.

இந்த மனிதரிடம் ஒரு கட்டளை இருந்தது. சொந்தக்காரருக்குத் தெரியாமல் ஒரு ஆணியைக்கூடத் தொடக்கூடாது. அதில் அவர் அசையமாட்டார்.

இனி யோகராசாவுக்கு வருவோம்.

யோகராசா மட்டக்களப்பு ஆள். ஒஸ்லோவின் கிழக்கே ஸ்டோவ்னரில் குடும்பத்தோடு இருந்தார். காலையில் ஒரு வெதுப்பகத்தில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நகரின் மேற்கே, பெரிய வீடுகள் உள்ள பகுதியில், சோல்வேய் என்ற வயதான அம்மாவின் வீட்டைத் துப்புரவு செய்வார். கணவர் இல்லாத, பிள்ளைகள் இல்லாத, வளைந்து கொடுக்காத பெண்மணி. கூடப்பிறந்தவர் வழியில் ஒரு மருமகன் மட்டும் இருந்தான். அவன் கேட்டும் வீட்டுக் கதவின் திறப்பைக் கொடுக்காதவர், யோகராசாவிடம் கொடுத்திருந்தார். அந்தத் திறப்பை இந்த மனிதர் தன் கழுத்துச் சங்கிலியில் கோர்த்திருந்தார். ஸ்டோவ்னர் தமிழ்க் கடையில் அரிசி வாங்கினாலும் அந்தத் திறப்பை வெளியே எடுத்து ஒருமுறை தடவாமல் போகமாட்டார். "என்ன தம்பி, ராசா வீட்டுக் களஞ்சியமோ?" என்று நானே பலமுறை பகிடி பண்ணியிருக்கிறேன். "அக்கா, சொந்தக்காரனுக்குக் குடுக்காதத எனக்குத் தந்திரிக்கி" என்பார். இந்த நாட்டுக்கு வந்து அவருக்குக் கிடைத்த பட்டம் அதுதான். அதில் பகிடி பண்ண அவ்வளவாக ஒன்றுமில்லை என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வேலை தேங்கிக் கிடந்ததால் நான் மட்டும் பட்டறையில் இருந்தேன். ஆர்னே பல் வைத்தியரிடம் போயிருந்தார். வாசலில் மணி அடித்தது. திறந்தால், வாசல் மணி அல்ல. யோகராசா நிற்கிறார், கையில் குழந்தையைத் தூக்கியது போல ஒரு பெரிய குளிர்போர்வைப் பொட்டலம், அந்தப் பொட்டலம்தான் டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருக்கிறது.

"என்ன தம்பி, பொட்டலத்துக்குள்ளை கோயில் மணியே வச்சிருக்கிறீர்?"

"அக்கா, கதவச் சாத்துங்க. ஆரும் இரிக்காங்களா உள்ளுக்கு?"

மனிதர் பேயறைந்த மாதிரி இருந்தார். மணிக்கூட்டின் ஊசலைக் கழற்றாமல் அப்படியே சுற்றி நிலக்கீழ் ரயிலில் கொண்டுவந்திருக்கிறார். ஊசல் உள்ளே கிடந்து ஆட, மணி தன் பாட்டுக்கு நிற்காமல் அடித்திருக்கிறது. டிக் டிக் என்று பொட்டலம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வியர்த்து வழிகிற ஒரு கறுத்த ஆள். அது எந்தக் காலம்? இரட்டைக் கோபுரம் விழுந்த பிறகான காலம். பக்கத்தில் இருந்த பெண் எழும்பி அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாளாம்.

"நான் என்ன செய்ய அக்கா? எல்லாரையும் பாத்துச் சிரிச்சன். சிரிக்கச் சிரிக்க ஆக்கள் எழும்பிப் போறாங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு போர்வையைப் பிரித்தேன். சிரிப்பு போய்விட்டது.

உள்ளே இருந்தது நான் மேலே சொன்ன வகை மணிக்கூடு. நல்லதிலும் நல்லது. ஆனால் முன்பக்கக் கொடி முழுக்க எழும்பி, நுனிகள் விறைத்துக்கொண்டு நின்றன. ஆமையோட்டின் ஓரங்கள் மங்கிச் சுருண்டிருந்தன. பித்தளையில் கீறியிருந்த நரம்புகளுக்குள் நிரப்பிய கறுப்பு கரைந்து வழிந்திருந்தது. கதவின் அடியில் ஓர் இலை இளஞ்சிவப்பாக மினுங்கியது.

"என்ன போட்டனீர்?"

"பழப்புளி."

"என்ன?"

"பழப்புளியும் உப்பும் அக்கா. சித்திரை வருசத்துக்கு எங்கட வீட்டுக் குத்துவிளக்க விளக்கின நான். தங்கம் மாதிரி வந்திச்சு. அந்த அம்மா இடுப்புச் சத்திரசிகிச்சை செஞ்சி மறுவாழ்வு நிலையத்தில இரிக்கா. வீட்ட வாறநேரம் மணிக்கூடு பளபளண்டு இரிக்கட்டுமே எண்டு நேத்து விளக்கின நான். பித்தளை எண்டாப் புளிதானே?"

எனக்கு அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. எங்கள் வீட்டிலும் பித்தளை என்றால் புளிதான். நானே பாதிரியார் வீட்டு மெழுகுதிரித் தண்டை அப்படி விளக்கியிருக்கிறேன். ஆனால் குத்துவிளக்கு முழுப் பித்தளை. அதற்குள் பசை இல்லை, மரம் இல்லை. இது மெல்லிய தகடு. புளித்தண்ணீர் கீழே இறங்கி மீன்பசையைக் கரைத்து, ஒரு இரவில் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது.

"அக்கா, அந்த அம்மாவுக்குத் தெரியாமச் செஞ்சி தாங்க. தெரிஞ்சாத் திறப்பை வாங்கிப்போட்டுவா. வேல போனா வேற வேல தேடலாம். இவன் சாமானைக் கெடுத்துப்போட்டு அதைத் தூக்கிக்கிட்டும் போயிட்டான் எண்டு நினைப்பா. அந்த மருமகன் சும்மா இரிப்பானா?" என்று சொல்லிவிட்டு, சட்டைக்கு மேலாகவே திறப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

ஒரு பக்கம் ஆர்னேயின் கட்டளை. மறுபக்கம் எங்கள் ஆள், எங்கள் மொழியில் கெஞ்சுகிறார். வெளியில் தெரியாமல் முடித்துவிடுவது எங்கள் ஆட்களுக்குப் புதிதா என்ன? பின் அறையில் ஒரு மூலை இருக்கிறது, பெரிய துணி ஒன்றும் இருக்கிறது என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. "பாப்பம் தம்பி" என்று நான் வாயெடுக்கவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

ஒரு கன்னம் விறைத்துப்போய் ஆர்னே வந்து நின்றார்.

ஆர்னே மேலங்கியைக் கழற்றி மாட்டினார். கைகளைப் பின்னால் கட்டினார். மணிக்கூட்டைச் சுற்றி வந்தார். குனிந்து மூக்கை வைத்தார். வைத்த மூக்கை எடுக்கவில்லை. மறுபடி மணந்தார். அவர் வாழ்நாளில் எந்த மணிக்கூட்டிலும் மணக்காத ஒன்று மணக்கிறது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது என்ன?"

"புளி" என்றேன். "நாங்கள் குழம்புக்குப் போடுவது."

யோகராசா என் பின்னால் ஒளிந்துகொண்டார். என்னைவிட ஒரு முழம் உயரமான மனிதர் என் பின்னால் எப்படி ஒளிவார்? தலை மேலே தெரிந்தது. நடந்த எல்லாவற்றையும் நான் சொல்லிவிட்டேன். அந்த மூக்குக்கு முன்னால் எதை மறைப்பது?

ஆர்னே கேட்ட முதல் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "இன்னும் இருக்கிறதா?"

இருந்தது. யோகராசாவின் சட்டைப்பையில் ஒரு சின்ன உருண்டை மிச்சம் இருந்தது. ஆர்னே கழிவுப் பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்துத் தந்து, செய்து காட்டச் சொன்னார். யோகராசா உப்பும் புளியும் வைத்துத் தேய்த்தார். கறுத்துக் கிடந்த துண்டு பளிச்சென்று வந்தது. ஆர்னே அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விறைத்த வாயோடு கோணலாகச் சிரித்தார். "அழகாக இருக்கிறது" என்றார். பிறகு ஓரத்தைக் காட்டினார். கூடத் தேய்த்த இடத்தில் பித்தளைக்குள் இருக்கும் செம்பு வெளியே வந்து இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அதன்பின் மணிக்கூட்டை நகத்தால் தட்டிக்கொண்டு போனார். தாள் துண்டுகள் நிறைய விழுந்தன.

"இதில் பாதி பல வருடமாகவே விட்டுப்போய்த்தான் இருந்திருக்கிறது" என்றார். "வீட்டுச் சூடாக்கி செய்த வேலை இது. இவர் கழுவியதும் வெளியே வந்துவிட்டது. திருத்தலாம்."

யோகராசாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஆர்னே தொலைபேசியை எடுத்து அவர் கையில் வைத்தார். "அந்த அம்மாவைக் கூப்பிடு."

"அக்கா, நீங்க கதைங்களன். உங்களுக்கு மொழி நல்லா வரும்."

நான் ஆர்னேயைப் பார்த்தேன். அவர் தலையை மெல்ல ஆட்டி மறுத்தார். "அவர்தான் பேச வேண்டும். அந்த அம்மா திறப்பை நம்பிக் கொடுத்தது அவரிடம்."

எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டோம். யோகராசா தன் உடைந்த நோர்வே மொழியில் எல்லாவற்றையும் சொன்னார். புளி, உப்பு, இலை, ரயில், போர்வை ஒன்றும் விடவில்லை. எழும்பிப் போன பெண்ணைப் பற்றிக்கூடச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து காய்ந்த குரல் ஒன்று கேட்டது.

"திருத்த முடியுமா?"

"முடியும்" என்றார் ஆர்னே.

"அப்படியானால் திருத்துங்கள். எனக்கு நடக்க வந்ததும் நானே வருகிறேன். யோகராசாவையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள்." வைக்கும் முன் சேர்த்துச் சொன்னார்: "திறப்பையும் கொண்டுவரச் சொல்லுங்கள்."

வைத்துவிட்டார்.

"முடிஞ்சிது அக்கா" என்றார் யோகராசா. ஆர்னே அவருக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். கோப்பி ஆறிப்போகும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

என் வேலைக்காலத்தில் இப்படி ஒரு பிடிவாதம் பிடித்த மணிக்கூட்டை நான் கண்டதில்லை. முதலில் இயந்திரத்தையும் ஊசலையும் கழற்றித் தனியே வைத்தோம். முழுதாக விட்டுப்போன துண்டுகளை எடுத்து, எந்தத் துண்டு எங்கே என்று மாறாமல், அதே வடிவம் வரைந்த தாளின்மேல் அடுக்கினோம். ஒரு முனை ஒட்டி மறுமுனை எழும்பி நிற்கிற துண்டுகளைத்தான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். இழுத்தால் மடியும், மடிந்தால் கோடு விழும், அந்தக் கோடு சாகும்வரை போகாது. உப்பு உள்ளே தங்கினால் பிறகும் தின்னும் என்பதால் பஞ்சை நனைத்துப் பிழிந்து ஒற்றி ஒற்றி எடுத்தோம். அதன்பின் காயவிட்டோம். அவசரப்பட்டால் ஆமையோடு இன்னும் சுருளும். ஆர்னே ஒவ்வொரு காலையும் வந்து மூக்கை வைத்து, "ம்" என்பார். இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

காய்ந்த பிறகு உள்ளி. பித்தளைத் துண்டுகளின் முதுகில் எல்லாம் நான்தான் தேய்த்தேன். பிறகு மீன்பசை. எழும்பி நின்ற துண்டுகளுக்கு அடியில் மெல்லிய தூரிகையால் பசையை விட்டு, மேலே எண்ணெய்த்தாள் வைத்தோம். நோர்வேக்காரர் சாப்பாட்டுப் பெட்டியில் பாண் துண்டுகளுக்கு இடையில் வைக்கிற அதே தாள்தான். ஆர்னேயின் மத்தியானப் பாணுக்கும் மணிக்கூட்டுக்கும் ஒரே சுருளிலிருந்துதான் கிழிப்பார். இடுப்பு வளைந்த இடங்களில் பலகை வைத்து அமத்த முடியாது. அதற்குச் சின்னத் துணிப்பைகளில் சூடான மணலை நிரப்பி வைத்துக் கட்டினோம். மணல் வளைவோடு தானும் வளைந்து ஒத்தடம் கொடுக்கும். பிள்ளை பெற்றவளுக்கு ஒத்தடம் கொடுக்கிற மாதிரி நான் பக்குவமாகக் கட்டுவதைப் பார்த்து ஆர்னே "நல்லது" என்றார். அவரிடமிருந்து அந்தச் சொல் வருவது பெரிய விஷயம். வீட்டுக்குப் போய் அந்தோனிக்குச் சொன்னேன்.

கடைசியில் மிஞ்சியது அந்த இளஞ்சிவப்பு இலை. யோகராசா அதில்தான் மனம்விட்டுத் தேய்த்திருந்தார். மெருகுத் தூள் போட்டு மினுக்கினால் மஞ்சள் நிறம் திரும்பும். ஆனால் அதில் கீறியிருக்கும் நரம்புகள் மயிரிழை ஆழம்தான். மினுக்கினால் அவையும் போய்விடும். நான் செய்யட்டுமா என்று கேட்டேன். ஆர்னே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கெட்ட இடம் இல்லை, நடந்த இடம்" என்றார். "அந்த அம்மா வந்து சொல்லட்டும்."

இதற்கிடையில் யோகராசா ஒவ்வொரு கிழமையும் பட்டறைக்கு வந்தார். வரும்போது மீன் ரொட்டி கொண்டுவருவார். மணிக்கூட்டைத் தொடமாட்டார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வருவார். ஆர்னேயிடமிருந்து பிடித்த பழக்கம். திறப்பு கழுத்தில்தான் கிடந்தது. ஆனால் தமிழ்க் கடையில் அதை வெளியே எடுக்கிறதை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது நெஞ்சில் முள் மாதிரி இருந்தது. ஒருமுறை பகிடியாக, "என்ன தம்பி, களஞ்சியம் பூட்டியாச்சோ?" என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வெயில் காலம் தொடங்கியபோது சோல்வேய் வந்தார். இரண்டு ஊன்றுகோல்களோடு, முதுகு நிமிர்ந்து, பள்ளிக்கூட அதிபர் போல. யோகராசா கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டை போட்டு ஒரு மூலையில் நின்றார். ஆர்னே மணிக்கூட்டின் மேலிருந்த துணியை எடுத்தார். நான் என்ன சொல்ல? அந்தச் சிவப்பும் மஞ்சளும் எரிந்தன. இவ்வளவு காலமும் அழுக்கு மூடியிருந்த கொடியெல்லாம் ஓடுவது தெரிந்தது. எனக்கே கண் கூசியது.

சோல்வேய் நெடுநேரம் பார்த்தார். பிறகு ஊன்றுகோலின் நுனியால் அடியில் காட்டினார். "இது?"

ஆர்னே விளக்கினார். மினுக்கினால் கோடுகள் போய்விடும், விட்டால் நிறம் இப்படியே இருக்கும், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார்.

"விடுங்கள்" என்றார் அந்த அம்மா. "என் வீட்டில் யாரோ இவ்வளவு பாடுபட்டுத் துடைத்திருக்கிறார்கள் என்று தெரியட்டும்." அப்படியே திரும்பி, யோகராசாவை நோக்கிக் கையை நீட்டினார். "திறப்பு."

மாதாவே! யோகராசா கழுத்துச் சங்கிலியைக் கழற்றினார். சங்கிலியோடு சேர்த்து அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஆர்னேயைப் பார்த்தேன், இந்த மனிதர் ஏதும் சொல்லக்கூடாதா என்று. அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோல்வேய் ஓர் ஊன்றுகோலை என்னிடம் தந்தார். கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து மணிக்கூட்டுக்குச் சாவி கொடுக்கிற பித்தளை முடுக்கியை எடுத்தார். மெல்ல மெல்ல, அதையும் அந்தச் சங்கிலியில் வீட்டுத் திறப்புக்குப் பக்கத்தில் கோர்த்தார். கோர்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"வீட்டில் இந்த மணிக்கூடு சுவரில் உயரத்தில் இருக்கும்" என்றார், பால் முடிந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில். "டொக்டர் என்னை இனி ஏணியில் ஏறக்கூடாது என்கிறார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீதான் சாவி கொடுக்க வேண்டும். தண்ணீர் மட்டும் படவிடாதே."

யோகராசா வாங்கினார். போட்டுக்கொள்ளத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். ஆர்னே மூக்கைச் சிந்திக்கொண்டு, பசை ஆறிவிடும் என்று சொல்லிப் பின் அறைக்குப் போனார். அன்றைக்கு அடுப்பில் பசையே இல்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மாரித் தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அவளுக்கு அது முதல் தடவையாக இருக்கும். பிறகு, "இந்த மணிக்கூட்டைக் கொண்டுவந்தவர் ஒரு வயதான தமிழர்" என்றாள். "அந்த அம்மா காலமாகும்போது இதைத் தனக்கு எழுதி வைத்துவிட்டுப் போனதாகச் சொன்னார். ஸ்டோவ்னரிலிருந்து டாக்சியில் வந்தார்."

"ஊசல்?" என்று கேட்டேன்.

"கழற்றித் தனியாகக் கொண்டுவந்தார். கம்பளிக் காலுறைக்குள் வைத்து. மடியில்."